இரும்புக் கரண்டி

ஞானகுமாரி நர்சின் கண்ணாடிக் குழாயைக் கன்னியப்பன் உடைத்தது ஒரு புதன்கிழமை. செங்கல் காளவாய்க்குத் தீ வைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. உடைத்ததோடு விட்டிருந்தால்கூடத் தொலைகிறதென்று இருந்திருக்கலாம். நர்சின் தோளைப் பிடித்துத் தள்ளினான். முழங்கால் ஆழத்துக்குக் குழைத்துப் போட்டிருந்த ஏரிமண் குழியில் வெள்ளைப் புடவையோடு குப்புற விழுந்தாள் அவள். பிறகு திரும்பி, எட்டு மாசம் நிறைந்த தன் பெண்டாட்டி தாயம்மாவைக் கன்னத்தில் அறைந்தான். காதுத்தோடு தெறித்து, இன்னும் சுடாத பச்சைக்கல் அடுக்கில் போய் விழுந்தது. இத்தனையும் ஒரு பீடி பற்றவைக்கிற நேரத்துக்குள் நடந்து முடிந்துவிட்டது.

தாயம்மாவை நர்சிடம் அழைத்து வந்து உட்காரவைத்தவள் வேம்புலியம்மாள், கன்னியப்பனுக்கு அக்கா. வயது முப்பத்துநாலு. புருஷனைக் கல்யாணமான மூன்றாம் வருஷமே காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு இருந்தவள். பிறந்த நாளிலேயே தாயை இழந்த அந்தத் தம்பியைக் கஞ்சித்தண்ணி ஊற்றி வளர்த்தவளும் அவள்தான்.

அது அறுபத்தொன்பது மாசி. அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அந்த வருஷம் ஐந்து காளவாய்கள். அம்பத்தூர்ப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு எத்தனை செங்கல் சுட்டாலும் போதவில்லை. மண் வெட்டி, மிதித்து, அச்சில் அறுத்து, காயவைத்து, சூளையாக அடுக்கிச் சுடுகிற ஜனங்கள் கரையோரமாகக் கீற்றுக் குடிசை போட்டிருந்தார்கள். ஆம்பளை அறுப்பான், பொம்பளை சுமப்பாள். பிள்ளை வயிற்றிலிருந்தாலும் சுமப்பாள், இறங்கிய பத்தாம் நாளும் சுமப்பாள். டாக்டர் என்றால் பூந்தமல்லிக்குப் போக வேண்டும். பஸ் என்றால் திருவேற்காட்டுக்கு நடக்க வேண்டும்.

புதன்தோறும் அந்த நர்ஸ் மட்டும் தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கரைமேல் நடந்து வருவாள். அவள் தலை தெரிந்ததுமே கர்ப்பிணிகளெல்லாம் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். நர்சு வயிற்றில் கை வைத்தால் கருத்தடை லூப்பு மாட்டிவிடுவாள், அப்புறம் பிள்ளையே தங்காது என்று பேச்சு. பாவம், அவளும் வெயிலில் வந்து, காலி மரத்தடியைப் பார்த்து, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள்.

வேம்புலியை அன்றைக்குத் துணியவைத்தது தாயம்மாவின் வளையல். ஏழாம் மாசம் பூட்டிய கண்ணாடி வளையல்கள் ஒரு மாசத்துக்குள் கையில் புதைந்துவிட்டன. வளையலுக்கு மேலேயும் கீழேயும் சதை பிதுங்கி நின்றது. காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வயிற்றில் ஆண்பிள்ளை, அதனால்தான் ஊதுகிறாள் என்று எல்லோரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். வேம்புலிக்குச் சந்தோஷம் வரவில்லை.

பச்சைக்கல் அடுக்கின் மறைவில் நர்ஸ் காலைப் பார்த்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், ஒரு தகரக் கிண்ணத்தைக் கொடுத்து ஒன்றுக்கிருந்து எடுத்து வரச் சொன்னாள். அதைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பையிலிருந்து சின்ன ஸ்பிரிட் விளக்கை எடுத்துப் பற்றவைத்து, குழாயின் மேல்பாதியைத் தீயில் காட்டினாள்.

“இன்னா நர்சம்மா, ரசமா வெக்கப் போறீங்க?” என்று வேம்புலி சிரித்தாள்.

“இருங்க. வெளுக்காம இருந்தா நல்லது.”

வெளுத்தது. முதலில் மங்கி, பிறகு முட்டையின் வெள்ளைக்கரு வேகிறமாதிரித் திரண்டது. நர்ஸ் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். வெள்ளை கலையவில்லை.

“தலை வலிக்குதாம்மா?”

“காலைல வலிக்கும். அப்பால பூடும்.”

“கண்ணு முன்னால பொறி பறக்குதா?”

“இல்லீங்க.”

நர்ஸ் வேம்புலியைத் தனியாக இழுத்துப் பேசினாள். “இங்க பாருங்க, இது ஊத்தம் இல்ல, வியாதி. ரத்தக்கொதிப்பு ஏறிப்போயிருக்கு. உப்பு, கருவாடு ஆகாது, கல்லு தூக்கவே கூடாது. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். விட்டீங்கன்னா முதல்ல கண்ணுல பொறி பறக்கும். அப்புறம் வலிப்பு வரும். கையும் காலும் இழுத்துக்கும், நாக்கைக் கடிச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல.”

வேம்புலி தாயம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். கையும் காலும் இழுத்துக்கொண்டு நாக்கைக் கடித்துக்கொண்ட ஒருத்தியை அவள் பார்த்திருக்கிறாள். இருபத்தைந்து வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள்.

அப்போதுதான் கன்னியப்பன் வந்தான்.

அவன் கண்ணில் முதலில் பட்டது விளக்கு. காளவாய் எரிகிற ஏழு நாளும் அந்தக் கரையில் பகலில் வேறு தீ எரியக் கூடாது. காளவாய்த் தீயில் அம்மன் ஆத்தா பசித்து உட்கார்ந்திருக்கும்போது அடுப்புக்குப் பங்கு கொடுத்தால் கல் வேகாது, சூளை சரியும் என்று கட்டுப்பாடு. பொழுது சாய்ந்த பிறகுதான் குடிசைகளில் அடுப்பு மூட்டுவார்கள், பகலெல்லாம் பழைய கூழ்தான். பீடிகூட காளவாய்த் தணலில்தான் பற்றவைக்க வேண்டும். அப்படியிருக்க, நட்டநடுப் பகலில் நீலமாக ஒரு தீ, அதில் பெண்டாட்டியின் மூத்திரம்.

“லூப்பு மாட்டுறதுக்கா வந்த? எங்காளவாயில வந்து வேற தீ ஏத்தறியா?” என்று கத்திக்கொண்டே பாய்ந்தான். அதற்கப்புறம் நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லியாகிவிட்டது.

நர்ஸ் சேற்றிலிருந்து தானே எழுந்தாள். மூக்கில் ரத்தம். பையைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, தோளில் மாட்டிக்கொண்டாள். கன்னியப்பனைப் பார்க்கவே இல்லை.

“வேம்புலியம்மா, கண்ணுல பொறின்னு சொன்ன நிமிஷம் கிளம்பிடுங்க. அவரு கத்தியோட நின்னாலும் கிளம்பிடுங்க,” என்று சொல்லிவிட்டுக் கரைமேல் ஏறி நடந்தாள். அழுதுகொண்டேதான் போனாள், ஆனால் அதை முதுகுப்பக்கமாகத்தான் பார்க்க முடிந்தது.

பொழுது சாய்ந்து அடுப்பு மூட்டியதும் வீட்டுக்குள் அடுத்த சண்டை. தாயம்மாவுக்கு வேளாவேளைக்குக் கருவாடு வேண்டும். அன்றைக்கும் நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு, கூழுக்குத் தொட்டுக்கொள்ள உட்கார்ந்தாள். வேம்புலி அதைத் தட்டோடு பிடுங்கி வெளியே வீசினாள்.

“இன்னாண்ணி நீ, வாயில வெக்கப்போறத புடுங்கற!” தாயம்மா அழுதாள். அவளுக்கு வயது பத்தொன்பது. அடி வாங்கிய கன்னம் வீங்கி, ஏற்கெனவே ஊதியிருந்த முகத்தில் ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது.

“உப்பு ஆவாதுன்னு நர்சம்மா சொன்னாங்க தாயி.”

“நர்சு! நர்சு!” கன்னியப்பன் கூழ்ச்சட்டியை எட்டி உதைத்தான். சட்டி சுவரில் மோதிச் சிதறியது. “அவ சொன்னா நீ மண்ண துன்னுவியா? புள்ளத்தாச்சி வாயக் கட்டுறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?”

“அவ காலப் பார்றா கன்னியப்பா. ஒருவாட்டி குனிஞ்சி பாரு. நாளைக்கி டாக்டராண்ட இட்டுகினு போலாம்.”

“பாத்துகினுதான் கீறேன். ஆம்பளப் புள்ளைக்கி ஊதும். திருவேற்காட்டுல ஒருத்தி ஆஸ்பத்திரிக்கிப் போனாளாமே, புள்ளையயும் எட்து, அப்டியே ஆப்ரேசனும் பண்ணி அனுப்சிட்டானுங்களாம். புருசன கேக்கவே இல்லியாம். மொதப் புள்ள மூணாம் மாசமே கலஞ்சிபோச்சி எனுக்கு. இதுவும் பூட்டா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு. நீ பெத்துக் குடுப்பியா?”

சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. கெட்டவனில்லை கன்னியப்பன். பயந்தவன். பயந்தவன் கையில் பலமும் இருந்துவிட்டால் பக்கத்திலிருக்கிறவர்கள் பாடு சொல்லி முடியாது.

“அவ பூட்டா?” என்றாள் வேம்புலி.

“யாரு?”

“தாயம்மா. அவ பூட்டா இன்னாடா பண்ணுவ?”

அவளையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டு வெளியே போனான். வேம்புலி சிதறிய சட்டித் துண்டுகளைப் பொறுக்கினாள். தாயம்மா, சுவரில் வழிந்த கூழை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தாள். பசி அப்படி.

வியாழக்கிழமை தாயம்மா கல் சுமந்தாள். வேம்புலி அவள் பங்கையும் சேர்த்துச் சுமந்து பார்த்தாள். ஒரு நடைக்குப் பன்னிரண்டு கல் கணக்குக்குப் பதினெட்டு ஏற்றினாள். கழுத்து நரம்பு விடைத்துக்கொண்டதே தவிர வேலை குறைந்தபாடில்லை. டாக்டர் பேச்சை எடுத்தபோதெல்லாம் கன்னியப்பன் மண்வெட்டியைத் தூக்கினான்.

வெள்ளிக்கிழமை காலையில் தாயம்மா குடிசைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணி, யார் நெருப்ப கொட்றாங்க?”

“எங்க தாயி?”

“எங்கண்ணு முன்னாலதான். பொறி பொறியா பறக்குது. ஒம்மூஞ்சே தெர்ல.” பிறகு தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊளையிட்டாள். “தல ரெண்டா பொளக்குதே அண்ணி!”

வேம்புலி ஓடினாள். சுலைமானின் லாரி பக்கத்துக் காளவாயில் ஆறிய கல் ஏற்றிக்கொண்டிருந்தது. சுலைமான் ஆவடிக்காரர், டிரைவர்.

“பாய், பட்டணத்து ஆஸ்பத்திரிக்கி எங்க ஊட்டுப் பொண்ண ஏத்திகினு போவணும். புள்ளத்தாச்சி.”

“இன்னும் பாதி லோடு கீது தங்கச்சி. ஏத்தி முடிச்சிட்டு அந்தாண்டதான் போறேன். ரோட்டாண்ட கொண்டாந்து குந்தவை.”

அவள் திரும்பி வருவதற்குள் செய்தி பரவிவிட்டது. கண்ணில் பொறி பறக்கிறதாம். காளவாய்க்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். தீ மேஸ்திரி நாகப்பன் வந்து நின்றான். காளவாய்க்குத் தீ வைக்கிறவனும் அவன்தான், சேவல் அறுத்துப் படைக்கிறவனும் அவன்தான். ஐம்பது வயது, வெந்த கல் நிறம், புருவத்தில் மயிரே இருக்காது.

“பட்டப்பகல்ல வேற தீ ஏத்தனாங்க இல்ல? சூலி மூத்திரத்த அதுல வெச்சாங்க இல்ல? ஆத்தா சும்மா இருப்பாளா? பொறியா கண்ணுல பூந்துகினா,” என்றான். “உச்சிப்பொழுதுக்குள்ள ஆத்தாள எறக்கணும். இல்லாங்காட்டி சூளையும் சரியும், புள்ளையும் சரியும்.”

கன்னியப்பன் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு காளவாய் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தான். தீவாய்க்குப் பத்தடி தள்ளி நட்டிருந்த கம்பத்தில் அவள் கையைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மாசி வெயில் ஒரு பக்கம், காளவாய் அனல் ஒரு பக்கம். அவள் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.

வேம்புலி தம்பியின் காலில் விழுந்தாள். “ரோட்டாண்ட லாரி வர்துடா. கட்ட அவுத்துவுடு. நர்சம்மா சொன்னாங்க, மொதல்ல பொறி, அப்பால வலிப்புன்னு. அவங்க சொன்னது அப்டியே நடக்குது பாரு.”

“அவளாலதான் நடக்குது! அவ ஏத்தன தீயாலதான்!”

“ஏத்தன தீயால இல்லடா. தீ காட்டிக் குடுத்துச்சி, அவ்ளோதான். வெள்ளயா திரிஞ்சத எங்கண்ணால பாத்தேன்.”

“அது அவங்க மருந்து, மந்திரம்,” என்றான் நாகப்பன்.

வேம்புலி எழுந்தாள். வேறு தீதானே குற்றம்? அவளுக்கு அந்த இடத்தில் அந்த யோசனை வந்தது. குடிசைக்கு ஓடி இரண்டு இரும்புக் கரண்டிகளை எடுத்து வந்தாள். காலையில் தாயம்மா ஒன்றுக்கிருந்த கிண்ணம் மூலையில் அப்படியே கிடந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி. மறைவில் போய்த் தன்னுடையது ஒரு கரண்டி. இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து, தீவாயிலிருந்து தணலை இழுத்துப் போட்டு, அதன்மேல் பிடித்தாள்.

“இது வேற தீ இல்ல. இது ஆத்தா தீ. வந்து பாருங்கடா. இந்தக் கையில எந்து, இந்தக் கையில அவுளுது. மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல.”

நாலைந்து பேர் குனிந்தார்கள். கன்னியப்பனும் குனிந்தான். வேம்புலியின் கரண்டியில் மூத்திரம் தெளிவாகவே கொதித்தது. தாயம்மாவுடையதில் ஓரத்திலிருந்து வெள்ளை படர்ந்து, நடுவில் கூடி, கெட்டியாகத் திரிந்து நின்றது.

கன்னியப்பன் அதையே பார்த்தான். வாயைத் திறந்தான். அந்த ஒரு கணம் அவன் நம்பிவிட்டான் என்றுதான் வேம்புலி கடைசிவரை சொன்னாள்.

“ஆத்தா வாயிலயே மூத்திரத்த ஊத்திட்டாளே!” என்று நாகப்பன் அலறினான்.

அவ்வளவுதான். யார் முதலில் அடித்தது என்று தெரியாது. முதுகில் ஒரு உதை, கரண்டிகள் பறந்தன. மயிரைப் பிடித்து இழுத்தார்கள், விலாவில் மிதித்தார்கள். ஒருவன் சவுக்கு விறகால் தொடையில் அடித்தான். அடித்தவர்களெல்லாம் அவளோடு கல் சுமக்கிறவர்கள், அவளிடம் கூழ் வாங்கிக் குடித்தவர்கள். கன்னியப்பன் அடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. வாயில் மண்ணும் ரத்தமுமாக அவள் தலையைத் தூக்கியபோது நாகப்பன் பச்சைப் புளியமிளாறுகளைக் கட்டாகப் பிடித்துக்கொண்டு கம்பத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.

முதல் அடி தோளில். “போறியா?” இரண்டாவது முதுகில். “போறியாடீ?” ரவிக்கை கிழிந்து தோல் வரிவரியாகச் சிவந்தது. தாயம்மா புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வாழ்நாளில் முதல்தடவையாகக் கூப்பிட்டாள். “கன்னியப்பா! அடிக்கிறாங்களே கன்னியப்பா!” அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் கையைக் கம்பத்தில் உதறிய உதறலில் வளையல்கள் நொறுங்கி மணிக்கட்டில் ஏறின.

ஏழாவது அடியோ எட்டாவதோ, அவள் கழுத்து ஒருபக்கமாகத் திருகியது. கண் மேலே செருகியது. உடம்பு முழுக்க விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது. கடைவாயில் ரத்த நுரை.

“ஆத்தா ஆடுறா! எறங்கப் போறா!” என்று நாகப்பன் வெறி பிடித்தவன்போல் வேகமாக அடித்தான். பெண்கள் குலவையிட்டார்கள். குலவையிட்டார்கள்! அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வேம்புலியின் கைக்கெட்டும் தூரத்தில் கல்லறுக்கிற அச்சு கிடந்தது. தேக்குமரத்தில் இரும்புப் பட்டை அடித்தது, இரண்டு கையால் தூக்கவேண்டிய கனம். அவள் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை. அச்சை ஓங்கி நாகப்பனின் அடிக்கிற கையில் போட்டாள். எலும்பு ஒடிந்த சத்தம் குலவையையும் மீறிக் கேட்டது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். இன்னொருவன் பாய்ந்து வந்தான். அவன் முழங்காலில் ஒன்று. பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

“வாடா. நீயும் வா. உன்னியும் ஒரே போடா போட்டுர்றேன்.”

“யக்கா...”

“நம்ம அம்மா எப்டிடா செத்தா?”

“ஜொரத்துலன்னு...”

“ஜொரமா? ஜொரமாடா?” அவள் குரல் கிழிந்தது. “கொரட்டூர் காளவாயாண்ட, இதே மாரி கம்பத்துல கட்டி வெச்சி அடிச்சாங்க. இதே மாரி ஊதிகினு இருந்தா. இதே மாரி இஸ்துகினு நாக்க கடிச்சிகினா. அடிச்ச அடியிலயே நீ வந்து மண்ணுல உய்ந்த. உன்ன தொடச்சி எட்த்தேன், திரும்பிப் பாத்தா அவ இல்ல. எனுக்கு ஒம்போது வயசு. பச்ச மிளாறா பாத்து ஒடிச்சிகினு வாடின்னாங்க. மரத்துல ஏறி ஒடிச்சாந்து குடுத்தது நான்டா. அம்மாவ அடிக்கிறதுக்கு மிளாறு ஒடிச்சாந்து குடுத்தவ நானு!”

குலவை நின்றுபோயிருந்தது. காளவாய் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் பெண்டாட்டியைப் பார்த்தான். கட்டிய கயிற்றில் தொங்கிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் ஓடிப்போய்க் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான்.

ரோட்டில் சுலைமான் லாரியை நிறுத்திக்கொண்டு பொறுமையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தூக்கி வருகிறவர்களைப் பார்த்ததும் இறங்கி வந்தார். “யா அல்லா, இன்னாங்கடா பண்ணீங்க இந்தப் பொண்ண!” என்று அடுக்கியிருந்த கல்லை நடுவிலிருந்து எடுத்து வீசிக் குழி பண்ணி, வைக்கோலும் தன் ஜமக்காளமும் போட்டார். கல்லுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்தார்கள். வழியில் இரண்டு தடவை வலிப்பு வந்தது. வேம்புலி அவள் பல்லுக்கு நடுவில் முந்தானையைத் திணித்துப் பிடித்தாள். பிரசவம் ஆகிறவரை உடைக்கக் கூடாதென்ற வளையல்களில் மிச்சமிருந்தவற்றை ஒரு செங்கல்லால் தட்டித் தட்டி உடைத்தாள். கன்னியப்பன் காலடியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டே வந்தான்.

“அட்ச்சிகினது போதும்,” என்றாள் வேம்புலி. “அவ கால புடி. கல்லுல இடிக்குது.”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் படுக்கவைத்து, ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. உயிர் இல்லை. டாக்டரம்மா வெளியே வந்து, “முதுகில அடிச்சது யாரு?” என்று கேட்டார். கன்னியப்பன் முன்னால் வந்து, “நாந்தாங்க,” என்றான். “அடிச்சது நாகப்பன் கையி. நாந்தான் கட்டி வெச்சேன்.” டாக்டரம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மூன்று நாள் தாயம்மாவுக்கு நினைவு இல்லை. நாலாம் நாள் கண் திறந்தாள். பார்வை திரும்ப இன்னும் பத்து நாள் ஆயிற்று. பிழைத்தாள். ஆனால் நடந்தது ஒன்றையும் அவள் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. குடிசைக்குத் திரும்பிய பிறகு கன்னியப்பன் வெளியில்தான் படுத்தான். அவள் ஒருநாள்கூட உள்ளே கூப்பிடவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

அவர்கள் திரும்பிய பிறகு வந்த முதல் புதனே நர்ஸ் வந்தாள். கன்னியப்பன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவனுக்கு அந்த வார்த்தையே தெரியாது. மண்குழிக்குக் குறுக்காக ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். நர்ஸ் பலகைமேல் நடந்து வந்தாள். வேம்புலி கரண்டி வைத்த கதையைக் கேட்டுவிட்டு, “அடிப்பாவி,” என்றாள். பிறகு, “வெறும் தீ பத்தாது. சில பேருக்குச் சும்மாவே வெளுக்கும். இந்தச் சொட்டு விட்டா அது கலைஞ்சிடும், வியாதின்னா கலையாது,” என்று சொல்லி ஒரு சின்னச் சீசாவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆனி மாசம். காளவாய்களெல்லாம் பிரித்து, மழைக்கு முன்னால் கடைசிக் கல்லை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேம்புலி குடிசையில் வரகரிசிக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது.

நாகப்பன் நின்றுகொண்டிருந்தான். ஒடிந்த கை கோணலாகச் சேர்ந்து, முழங்கைக்குக் கீழே வளைந்து தொங்கியது. நல்ல கையில் ஒரு கொட்டாங்கச்சி, மேலே பூவரச இலை மூடியிருந்தது. நாலு மாசமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

“எம்பொண்ணு சுசீலா,” என்றான். “கொரட்டூர்லேர்ந்து வந்துகீறா. ஏயு மாசம்.” நிறுத்தினான். “வளையலு புடிக்குதுங்கறா.”

வேம்புலி அவன் கையைப் பார்த்தாள். மிதிபட்ட விலாவோடு அவளால் இன்னும் முழுதாக நிமிர முடியாது. குனிந்து கல் எடுக்கும்போதெல்லாம் வலிக்கிறது. போடா என்று சொல்ல நாக்கு துடித்தது. கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கூரை இறவாணத்தில் செருகியிருந்த கரண்டியை எடுத்தாள்.

“உள்ள வந்து குந்து,” என்றாள்.

அவன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே குத்துக்காலிட்டான். கொட்டாங்கச்சியிலிருந்த மூத்திரத்தை ஊற்றிய கரண்டி அடுப்பில் சூடேறியது. மூலையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த தாயம்மா நொய் புடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஓரம் மங்கியது. வெள்ளை படர்ந்தது. வேம்புலி சீசாவைத் திறந்து சொட்டு விட்டாள். ஒன்று, இரண்டு. மூன்று பேரும் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை கலையவில்லை.

நாகப்பனுக்கு வாய் கோணியது. மயிரில்லாத புருவத்தின் கீழே கண் நிறைந்து வழிந்தது.

தாயம்மா எழுந்து வந்தாள். அவனுக்கு நேர் எதிரில் நின்றாள்.

“மிளாறு கொண்ணாந்தியா?” என்று கேட்டாள்.

அவன் தலை தொங்கிப்போய்விட்டது. நல்ல கையால் மண்ணைப் பிறாண்டினான். “சுலைமான் பாய் லாரி எப்ப வரும்மா?” என்றான், அழுதுகொண்டே.

தாயம்மா அவன் கோணல் கையைப் பார்த்தாள். அவள் ரவிக்கைக்கு மேலே கழுத்துப் பக்கம் ஒரு தழும்பின் நுனி தெரிந்தது. பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனைத் தாண்டி வெளியே இறங்கினாள். கரைமேல் லாரிப் புழுதி எழும்பியிருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே அவள் ரோட்டைப் பார்க்க ஓடினாள்.